சிராவணத் திங்களில் பிடிபட்ட வஞ்சிரம்

சாவளாராம் கோயண்டே, வாசுதேவ் சேட்டுக்குத் தொள்ளாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தான். இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை. மால்வண் கரையில் காக்கைக்கும் தெரிந்த விஷயம். படகில் பொருத்தப் பழைய டீசல் இன்ஜின் ஒன்று வாங்கினான், அதற்கான பணம். சதுர்த்திக்குப் பிள்ளையார் வீட்டுக்குள் வருவதற்குள் திருப்பிக் கொடுக்காவிட்டால் இன்ஜினும் சேட்டுக்கு, அது உட்கார்ந்திருக்கிற படகும் சேட்டுக்கு. அப்படிப் பேசித்தான் கை நீட்டினான்.

அவன் கதையை எழுத நீ யார் என்று கேட்பவர்களுக்கு: நான் சேவந்தி. கடைவீதித் திருப்பத்தில் உள்ள சாப்பாட்டுக் கடை என்னுடையது. இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு என்னைப் பிடிக்காமல் போய்விட்டது. புருஷன் செத்தபோது என்னிடம் மிஞ்சியது ஓர் அரிவாள்மனையும் ஓர் இரும்புக் கல்லும்தான். இன்றைக்கு நாற்பது பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம், தலைக்கு மேலே விசிறி சுற்றும். பம்பாய்க்காரர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பெற்ற தாயைப் பார்க்கப் போவதற்கு முன்னால் என் மீனைப் பார்க்க வருகிறார்கள். கலெக்டர் ஒருவர் விரலைச் சூப்பியதை நானே கண்ணால் பார்த்திருக்கிறேன். யாரும் கைதூக்கி விட்டு நான் மேலே வரவில்லை. அதனால் யாரைப் பற்றியும் எழுத எனக்கு வாயும் உண்டு, உரிமையும் உண்டு.

சாவளாராம் என் புருஷனுடைய சித்தப்பா மகன். என்னை அண்ணி என்பான். நான் அவனை என்னவெல்லாம் சொல்லிக் கூப்பிடுவேன் என்பதை முழுதாக எழுதினால் அச்சடிக்கிறவர் காதைப் பொத்திக்கொள்வார்.

ஆள் தென்னை உயரம். புத்தி இளநீர்க் கணக்கு. வெளியே பெரிய மட்டை, உள்ளே கொஞ்சம் தண்ணீர். பிறந்ததிலிருந்து வலையைத் தொட்டதில்லை. "வலை போடுறது துணி துவைக்கிற மாதிரி அண்ணி, பொம்பளை வேலை" என்பான். துணியும் துவைத்ததில்லை என்பது வேறு விஷயம். தூண்டில் மட்டும்தான் போடுவான். அதிலும் வஞ்சிரத்துக்கு மட்டும்தான். கரையில் எல்லோரும் அயிலையும் மத்தியும் கூடை கூடையாக அள்ளிக்கொண்டு வந்து பிள்ளைகளுக்குச் சோறு போடுவார்கள். இவன் மணலில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, "நம்ம ஆளு வரட்டும்" என்பான். அவன் பெண்டாட்டி சுமித்ரா கருவாடு விற்றுத்தான் மூன்று பெண்களை வளர்த்தாள். "இந்த ஆளைக் கட்டினதுக்குப் பதிலா அந்தப் பாறையில ஒரு லைட்ஹவுஸைக் கட்டியிருக்கலாம் அக்கா. வெளிச்சமாவது வந்திருக்கும்" என்று என் கடைப் பின்வாசலில் உட்கார்ந்து சொல்லுவாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அவன் எதிரிகூட ஒத்துக்கொள்வான். கடலுக்குள் இருக்கிற கோட்டைக்குப் பின்னால் உள்ள பாறைகளைச் சுற்றி வஞ்சிரம் எந்தத் தண்ணீரில் எந்தப் பக்கம் மூக்கை வைத்து நிற்கும் என்பது அவனுக்குத் தெரியும். கஷ்டம் அதைப் பிடிப்பதில் இல்லை, இழுத்துக்கொண்டு வருவதில்தான். தூண்டிலை விழுங்கியதும் வஞ்சிரம் நேரே பாறை இடுக்குக்குள் ஓடும். துடுப்பை வைத்துக்கொண்டு அதோடு மல்லுக்கட்ட முடியாது. நூல் பாறையில் உரசி அறுந்து, மீனும் போய்த் தூண்டில் முள்ளும் போய், வெறுங்கையோடு வந்து மீனின் நீளத்தைக் காற்றில் கை விரித்துக் காட்டுவான். அந்தக் கை வருஷா வருஷம் அகலமாகிக்கொண்டே போயிற்று. இன்ஜின் இருந்தால் நூலைப் பிடித்தபடியே படகைப் பாறையை விட்டு வெளிக்கடல் பக்கம் திருப்பலாம். அதற்குத்தான் கடன்.

இதில் அவன் பண்ணிய முட்டாள்தனம் எங்கள் கரையைத் தவிர வேறெங்கும் நடக்காது. மழைக்காலம் முடிந்து கடலுக்குத் தேங்காய் விடுகிற பௌர்ணமி வரும், படகுகள் இறங்கும். அதிலிருந்து பிள்ளையார் சதுர்த்திக்கு இரண்டு வாரத்துக்கு மேலேயே இருக்கிறது, அதற்குள் நாலு நல்ல வஞ்சிரம் மாட்டினால் கடன் தீர்ந்தது என்று கணக்குப் போட்டான். நாள் கணக்குப் பார்த்தவன் நாக்குக் கணக்குப் பார்க்கவில்லை. அந்த இரண்டு வாரமும் சிராவண மாசம், மகாதேவருக்கு விரதம் இருக்கிற மாசம். ஊரில் பாதி வீடுகளில் மீன் சட்டியைக் கழுவிப் பரணில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். மீதிப் பாதியும் திங்கட்கிழமை தொடாது. என் கடையே பூட்டிக் கிடக்கும். இவனுக்கோ எந்த நாளும் மீன் நாள். "மகாதேவருக்கு மீன் பிடிக்காதுன்னு யாரு போய்க் கேட்டுட்டு வந்தா?" என்பான். தான் தின்கிறவன், ஊரும் தின்னும் என்று நினைத்துவிட்டான்.

சேட்டுக்கு இது தெரியாதா? தெரியும். கெடு சொன்னபோதே மீசைக்குள் சிரித்திருப்பார். மற்ற வருஷங்களில் கோலாப்பூர் லாரியிலாவது ஏற்றிவிடலாம். அந்த வருஷம் மழை மலைப்பாதையைச் சரித்துவிட்டது, லாரி வரவில்லை. ஐஸ் கொட்டகையும் திறக்கவில்லை.

முதல் இரண்டு வாரமும் கடல் குமுறிக்கொண்டே இருந்தது, ஒன்றும் கிடைக்கவில்லை. சிராவணத்தின் கடைசித் திங்கட்கிழமை வந்தது. அந்த வாரக் கடைசியில் சதுர்த்தி. அன்றைக்கு விடிந்ததும் போனான். மத்தியை முள்ளில் தைத்து, வஞ்சிரத்தின் பல் நூலை அறுக்காதபடி முள்ளுக்கு மேலே ஒரு சாண் கம்பி கட்டி, படகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டே பாறையைச் சுற்றினான். நூலைக் கால் கட்டைவிரலில் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பீடி பற்ற வைத்தானாம். அது மாட்டியபோது கட்டைவிரல் நகம் பீடியைவிட வேகமாகப் போயிற்றாம். மீன் பாறைக்குத் திரும்பியது. இவன் ஒரு கையால் சுக்கானை மடக்கி, இன்னொரு கையால் துணி சுற்றிய நூலைப் பிடித்து, தெரிந்த கெட்ட வார்த்தைகளை எல்லாம் மீனுக்குச் சொல்லி, படகை வெளிக்கடலுக்கு ஓட்டினான். அங்கே அதை ஓடவிட்டு, களைக்க வைத்து, செவுளில் கொக்கி போட்டு மேலே தூக்கினான். தூக்கும்போது அழுதேன் என்கிறான். நகம் போன வலியாக இருக்கும்.

நான் தேங்காய் வாங்கப் போனவள் கரையில் கூட்டத்தைப் பார்த்து நின்றேன். மணலில் கிடந்தது மீன். வெள்ளிப் பாத்திரத்தை விளக்கி வெயிலில் வைத்த மாதிரி. சாவளாராம் இன்றுவரை இருபத்தைந்து கிலோ என்கிறான். என் தராசில் பதினெட்டுதான். பதினெட்டும் குறைச்சல் இல்லை.

"அண்ணி! ராஜாவைப் பாரு, ராஜாவை!" என்று ஒற்றைக் காலில் குதித்தான்.

"ராஜா வந்தான் சரி. இன்னிக்கு என்ன கிழமைடா, பாடையில போறவனே?"

அவன் முகம் அப்படியே இறங்கியது. அப்போதுதான் சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். எல்லோரும் வேட்டி முனையால் மூக்கைப் பொத்தியிருந்தார்கள். கண்ணை யாரும் பொத்தவில்லை.

பஜனைக் கோஷ்டித் தலைவர் தாஜி வாத்தியார் முன்னால் நின்றார். "சிவ சிவா! திங்கக்கிழமையும் அதுவுமா, கண்ணுல படக் கூடாததெல்லாம் படுது" என்றவர், ஓரடி கிட்டே வந்து, "எத்தனை கிலோ இருக்கும்?" என்றார்.

"பாதி விலைக்குத் தர்றேன் வாத்தியாரே."

"தள்ளிப் போடா. அதோட நிழல் எம்மேல படுது."

குடையை ஊன்றிக்கொண்டு சேட் வந்தார். மீனைத் தலையிலிருந்து வால்வரை பார்த்து, பெருமூச்சு விட்டார். "நல்ல சாமான்டா சாவளா. பாவம். மதியத்துக்குள்ள கண்ணு கலங்கிடும், சாயங்காலம் நாத்தம் எடுக்கும். இன்ஜினுக்கு நல்லா எண்ணெய் போட்டு வை. எங்கிட்ட வரும்போது துருவோட வரக் கூடாது."

சாவளாராம் மீன் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துவிட்டான். படகு போனால் சுமித்ராவின் கருவாட்டுக் கூடையைச் சுமக்க வேண்டியதுதான், வேறு தொழில் அவனுக்குத் தெரியாது.

ஆனால் நான் மீனைப் பார்க்கவில்லை, ஆட்களைப் பார்த்தேன். என் மூளை வேலை செய்கிற விதம் அப்படி. மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டினார்களே தவிர ஒருத்தரும் இடத்தை விட்டு நகரவில்லை. மாசக் கடைசியில் மால்வண்காரன் நாக்கு எந்த நிலைமையில் இருக்கும் என்று சாப்பாட்டுக் கடைக்காரிக்குத் தெரியாதா?

"தூக்குடா" என்றேன். "இனாஸம்மா வீட்டுக்கு." பிறகு கரை முழுக்கக் கேட்கிற மாதிரிக் குரலை உயர்த்தினேன். "அவங்க வேதக்காரங்க. அவங்களுக்குச் சிராவணமும் கிடையாது, சோமவாரமும் கிடையாது. பாவம், இனாஸுக்குக் கால் வலி வேற. சாயங்காலம் உடம்பு விசாரிக்க வர்றவங்க பின்வாசல் வழியா வாங்க. முன்வாசல்ல ஒரே சேறு."

இனாஸ் லோபோ விதவை. கோயில் குளத்துக்கு அந்தப் பக்கம், மாதா கோவிலுக்கு இந்தப் பக்கம் அவள் வீடு. கொல்லையில் கிணறு, பலாமரம், யாரும் கேட்கக் கூடாத முந்திரிச் சாராயப் பானை ஒன்று. மீனைப் பார்த்ததும் கதவை அகலமாகத் திறந்தாள்.

"எனக்கு எப்போடி கால் வலி வந்துச்சு?"

"இப்பதான். நொண்டு."

"எந்தக் காலு?"

"ரெண்டும்னு வச்சுக்க. கூட்டம் ஜாஸ்தி வரும்."

வஞ்சிரத்துக்குச் செதிள் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, கத்தியின் முதுகால் வாலிலிருந்து தலைக்கு ஒரு தடவை தேய்த்தால் போதும். முழு மீனாக இருக்கும்போதே நன்றாகக் கழுவிவிட வேண்டும். துண்டு போட்ட பிறகு கழுவுகிறவர்கள் மீனின் ருசியைக் கிணற்றடி வாழைக்குக் கொடுக்கிறவர்கள். செவுளைப் பிய்த்து, வயிற்றைக் கீறி, குடலை ஒரே இழுப்பில் எடுத்தேன். சினை இரண்டு கை நீளம் இருந்தது, அதைத் தனியாக வைத்தேன். தலையைச் சாவளாராம் கொடுவாளால் பிளந்தான். பெரிய அரிவாள்மனையைக் காலால் மிதித்துக்கொண்டு, இரண்டு விரல் கனத்தில் துண்டு துண்டாக நானே போட்டேன். ஒரு துண்டு கனம், ஒரு துண்டு ஒல்லி என்கிற பேச்சே என் கையில் கிடையாது. வேண்டுமானால் இன்றைக்கும் வந்து அளந்து பாருங்கள்.

உப்பில் ஊறிய கோகம் புளித் தண்ணீர், மஞ்சள், மிளகாய், இஞ்சி பூண்டு. அவ்வளவுதான். எலுமிச்சம்பழம் பிழிகிறவர்கள் வேறு ஊர்க்காரர்கள். ஊறிய துண்டை அரிசி மாவும் ரவையும் கலந்ததில் புரட்டி, தேங்காயெண்ணெய் காய்ந்த கல்லில் போட வேண்டும். போட்டபின் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். கிண்டுகிற கை கெட்ட கை. ஓரம் தானாகக் கல்லை விடும்போது ஒரே ஒரு தடவை திருப்பலாம். தலைக்குத் தேங்காயும் மல்லியும் மிளகாயும் மைய அரைத்து, நாக்கை மரக்க வைக்கிற திர்பள் காயைத் தட்டிப் போட்டுக் குழம்பு வைத்தேன்.

எனக்கும் அன்றைக்கு விரதம். சமைப்பதால் விரதம் முறியாது, ருசி பார்த்தால்தான் முறியும் என்பது என் கட்சி. பதினெட்டுக் கிலோ மீனை மூக்கை மட்டும் வைத்துச் சமைத்தவள் இந்தக் கடற்கரையில் என்னைத் தவிர வேறு யாராவது இருந்தால் பெயர் சொல்லுங்கள். உப்புப் பார்க்க இனாஸை வைத்தேன்.

"எப்படி?"

"ஒரு துண்டுல தெரியலடி."

"இது மூணாவது."

"இப்பதான் லேசா பிடிபடுது."

மழை பிடித்துக்கொண்டது. நல்லதாகப் போயிற்று. மழை என்றால் குடை, குடை என்றால் முகம் தெரியாது. முதல் குடை பலாமரத்தடிக்கு வந்தபோது கல்லில் ஆறு துண்டு சிவந்துகொண்டிருந்தது.

"இனாஸம்மாவுக்குக் கால் எப்படி இருக்கு?" என்றது குடை. தாஜி வாத்தியார் குரல்.

"வலிதான் வாத்தியாரே. துண்டு பதினஞ்சு ரூபா" என்றேன்.

"பதினஞ்சா! உன் கடையில நாலு ரூபாதானே?"

"மீனு இப்பவும் நாலு ரூபாதான். மீதிப் பதினொண்ணு நான் வாயைத் திறக்காம இருக்கிறதுக்கு."

குடை வேலிப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தது. "ரெண்டு வை" என்றது.

அதற்குப் பிறகு எண்ணிக்கை கிடையாது. வேலி ஓரம் கறுப்புக் குடைகள் வரிசை கட்டின. ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல், மரத்தைப் பார்த்தபடியும் சுவரைப் பார்த்தபடியும் தின்றார்கள். தபாலாபீஸ்காரர் இலையோடு கிணற்றுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார். ஒருவர் மடியான மனுஷர், கையால் தொட மாட்டாராம். இனாஸ் ஊட்டிவிட வேண்டுமாம். இனாஸ் நொண்டுவதை மறந்துவிட்டு ஓடி ஓடிப் பரிமாறினாள். நான் கண்ணைக் காட்டினால் நாலு எட்டு நொண்டுவாள், ஐந்தாவது எட்டில் மறுபடி ஓடுவாள். சாவளாராம் நகம் போன காலில் துணியைக் கட்டிக்கொண்டு காசு வாங்கினான். அவன் ஒருத்தன்தான் அங்கே உண்மையாக நொண்டினான். யாரும் அவனை விசாரிக்கவில்லை.

கடைசியாக வந்த குடைக்குப் பிடி தந்தத்தில் செய்தது. ஊரிலேயே ஒன்றுதான் உண்டு.

"அடமானப் பொருளைப் பார்க்க வந்தேன்" என்றார் சேட். "இன்ஜின் எங்கே?"

"இன்ஜின் படகுல இருக்கு சேட். படகு கடல்ல இருக்கு" என்றேன். "இங்க இருக்கிறது தலைக்கறி."

அவர் சட்டிப் பக்கம் ஓரடி நகர்ந்தார். "தலை... முழுசா இருக்கா?"

"கண்ணோட இருக்கு. நாப்பது ரூபா."

"நாப்பதா? கொள்ளைடி இது!"

"அப்போ விடுங்க. வாத்தியார் இன்னும் போகல, அவருக்குத் தர்றேன்."

"இரு இரு. யாரு வேணாம்னா?" சேட் குடையை மடக்காமலே குந்தினார். தலை முழுவதும், கூடவே நாலு வறுவல். கன்னத்துச் சதையைத் தோண்டி எடுத்து, கண்ணை உறிஞ்சி, எலும்பை உடைத்துச் சூப்பி, திர்பள் ஏறி மூக்கில் தண்ணீர் கொட்ட, "ஹா... ஹா..." என்று மூச்சு விட்டார். மனுஷன் ஒரு மாதம் எப்படித்தான் தாங்கினாரோ. இடுப்பிலிருந்து பணத்தை எடுக்கும்போது சாவளாராமைப் பார்த்தார், சாவளாராம் அவரைப் பார்த்தான். நூறு ரூபாய் சாவளாராம் கைக்கு மாறியது.

எண்ணெய், தேங்காய், இனாஸின் கால் வலி எல்லாவற்றுக்கும் கழித்துவிட்டுக் கணக்குப் பார்த்தோம். தொள்ளாயிரத்துக்கு மேலே கொஞ்சம் நின்றது. எனக்கென்று நான் ஒரு காசு எடுக்கவில்லை. சினையை மட்டும் உப்பில் போட்டு வைத்துச் சிராவணம் முடிந்த அன்றைக்குத் தின்றேன். அது என் கூலி.

இப்போது சாவளாராமுக்கு இரண்டு படகு. மருமகன்கள் ஓட்டுகிறார்கள். தினமும் மதியம் என் கடையில் மூலை மேஜையில் உட்கார்ந்து ஓசியில் தின்றுவிட்டு, உப்பு கம்மி என்கிறான். ஒன்றரைத் துண்டுக்கு மேல் தாங்காத வயிறு, பேச்சு மட்டும் இருபத்தைந்து கிலோ. இந்தப் பெருமையெல்லாம் எங்கிருந்து முளைத்தது என்றால், அந்த மீன் விற்ற மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை, சேட் கடை வாசலிலிருந்துதான்.

நானும் கூடவே போனேன். இவனைத் தனியாக அனுப்பினால் வழியில் யாருக்காவது மீன் கதை சொல்லிக்கொண்டு நின்றுவிடுவான். சேட் நெற்றி நிறையச் சந்தனத்தோடு அரிசி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். உள்ளே அவர் மனைவி பூஜை மணி அடித்துக்கொண்டிருந்தாள். அந்தம்மா சிராவணம் முழுக்க ஒரு வேளைதான் சாப்பிடுவாள்; புருஷனும் அப்படித்தான் என்று நம்புகிறவள்.

சாவளாராம் துணி முடிச்சை அவிழ்த்தான். சேட் அதைத் தொடவில்லை.

"இது முதலு. வட்டி?"

"வட்டி பேசலையே சேட்."

"பேசலைன்னா வட்டி இல்லைன்னு அர்த்தமா? மழைக்காலம் பூரா பணம் உங்கிட்டதானே இருந்துச்சு? இன்னொரு முன்னூறு. இல்லைன்னா இன்ஜினைக் கழட்டு."

சாவளாராம் முகம் மறுபடி கடற்கரையில் பார்த்த முகமாயிற்று. முன்னூறுக்கு இன்னொரு ராஜா எங்கே வருவான்? நான் படியேறி உள்ளே போய் ஒரு மூட்டை மேல் உட்கார்ந்தேன். மணி அடிக்கிற அறைக்குக் கேட்கிற குரலில் ஆரம்பித்தேன்.

"பார்த்துடலாம் சேட். வட்டிக் கணக்கும் பார்த்துடலாம், நேத்து சாயங்காலக் கணக்கும் சேர்த்துப் பார்த்துடலாம். தலை ஒண்ணு..."

"மெதுவா பேசு!"

"நேத்து நீங்க குடுத்தது முதலுக்கு வாயை மூடுற காசு. வட்டிக்கு மூடுறதுக்கு இன்னும் யாரும் குடுக்கல. தலை ஒண்ணு, அப்புறம் வறு..."

உள்ளே மணி நின்றது. "யாரு தலையை என்னங்க பண்றாங்க?" என்று அந்தம்மா குரல் வந்தது.

"ஒண்ணுமில்லடி! தேங்காய் வியாபாரம்!" என்று சேட் கத்தினார். சந்தனம் வேர்வையில் வழிந்தது. சாவளாராம் பக்கம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு, "குடுத்துத் தொலைடா" என்றார்.

"கையை நீட்டுங்க சேட்" என்றான் சாவளாராம்.

சேட் கையை நீட்டினார். சாவளாராம் விரலை நாக்கில் நனைத்துக்கொண்டு, நேற்று அவரே கொடுத்த நூறை முதலில் வைத்தான். பிறகு வாத்தியாருடைய பத்துகள், தபாலாபீஸ்காரருடைய ஐந்துகள், யார் யாரோ குடைக்குள்ளிருந்து நீட்டிய ஈர நோட்டுகள், ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், வாய்விட்டு எண்ணிக்கொண்டே. ஒவ்வொரு நோட்டிலிருந்தும் வறுத்த வஞ்சிர வாசனை கும்மென்று எழுந்தது. சேட் மூக்கைத் திருப்பிக்கொண்டார், கையைத் திருப்பவில்லை. எண்ணூற்றுத் தொண்ணூறு ஆயிற்று. மிச்சம் பத்தையும் சாவளாராம் சில்லறைக் காசாக, ஒன்றன்மேல் ஒன்றாக, அந்த உள்ளங்கையில் அடுக்கினான்.